பாடு நிரப்பாத தொகுதிகள்

நடவு முடிந்து பத்து நாளைக்குள் வயலை ஒரு சுற்று வந்து, நாற்று செத்துப்போன இடங்களில் மறுநாற்று குத்திவிடுகிறோம். பாடு நிரப்புவது என்று சொல்வது இதைத்தான். இருபத்தைந்து நாள் கழித்து நிரப்பினால் என்ன ஆகும் என்று இந்த இதழைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துத் தூரெல்லாம் வெடித்து நிழல் கட்டிவிடும். பின்னால் வைத்தது, மற்றதெல்லாம் முற்றும்போது பச்சையாகவே நிற்கும். அதற்கு முன்னாலேயே அந்தக் காலி இடத்தைக் கோரை பிடித்துக்கொண்டிருக்கும்.

நம் மக்களவைக்கும் இதே கணக்குதான். மொத்தம் 543 இடம். ஐந்து வருடத்துக்குள் சிலர் இறந்துபோகிறார்கள், சிலர் விலகுகிறார்கள், சிலர் தண்டனை பெற்றுத் தகுதி இழக்கிறார்கள். அந்த இடங்களை இடைத்தேர்தல் வைத்து நிரப்ப வேண்டும். ஆனால் இடைத்தேர்தல் என்றதும் நம் ஊரில் வரும் முதல் கேள்வி, "ஓட்டுக்கு எவ்வளவு தர்றாங்களாம்?" அடுத்தது, "யார் ஜெயிப்பாங்க?" அந்த இடம் எத்தனை நாளாகக் காலியாகக் கிடந்தது, அந்த நாளில் டெல்லியில் என்னென்ன நடந்து முடிந்தது என்று கேட்க ஆளில்லை. உழவர்களாகிய நாம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்பது என் கருத்து. ஏன் என்பதற்குக் கணக்கும் இருக்கிறது.

ஆறு மாதம் என்கிறது சட்டம்

1996 வரை காலி இடத்தை இத்தனை நாளைக்குள் நிரப்ப வேண்டும் என்று கெடு எதுவும் கிடையாது. அந்த வருடம்தான் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-இல் 151ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். இடம் காலியான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும். நல்ல சட்டம். ஆனால் இரண்டு மடை திறந்துவிட்டிருக்கிறார்கள். மீதிப் பதவிக்காலம் ஒரு வருடத்துக்குக் குறைவு என்றால் நடத்த வேண்டாம். அது நியாயம், ஒப்புக்கொள்ளலாம். இரண்டாவது மடைதான் பெரியது. ஆறு மாதத்துக்குள் நடத்துவது கடினம் என்று தேர்தல் ஆணையம், மத்திய அரசைக் கலந்துகொண்டு சான்றளித்துவிட்டால் போதும். கடினம் என்றால் என்ன, எவ்வளவு நாள் தள்ளலாம், காரணத்தை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பிரிவில் இல்லை.

நான் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன். கிளை மேலாளர் ராத்திரி மாரடைப்பில் போய்விட்டாலும், மறுநாள் காலை பத்து மணிக்குக் கிளை திறந்தாக வேண்டும். பெட்டகச் சாவி எப்போதும் இரண்டு பேர் கையில் இருக்கும். ஒருவர் இல்லையென்றால் அவர் சாவி யார் கைக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும். பொறுப்பு ஒப்படைப்புப் பதிவேட்டில் கையெழுத்து விழாமல் ஒரு ரூபாய் வெளியே வராது. ஐம்பது லட்சம் ரொக்கம் வைத்திருக்கிற கிளைக்கு இவ்வளவு கட்டுப்பாடு. பதினைந்து லட்சம் வாக்காளர் இருக்கிற தொகுதிக்கு, ஆள் வரும்போது வரட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

வேளாண் சட்டம் வந்தபோது காலியாக இருந்த இடம்

கன்னியாகுமரி உறுப்பினர் எச். வசந்தகுமார் கொரோனாவால் 2020 ஆகஸ்ட் 28 அன்று காலமானார். செப்டம்பர் 14 அன்று மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கியது. கொரோனாவைக் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்ட கூட்டத்தொடர் அது. அதில்தான் மூன்று வேளாண் மசோதாக்களையும் மக்களவை நிறைவேற்றியது. ஒன்று செப்டம்பர் 15, மற்ற இரண்டும் 17. மாநிலங்களவையில் 20, 22 தேதிகளில் முடிந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் குடியரசுத் தலைவர் கையெழுத்தும் ஆயிற்று.

தென்னை, வாழை, ரப்பர், நெல் என்று எல்லாம் விளைகிற மாவட்டம் கன்னியாகுமரி. அந்த உழவர்களின் விளைபொருளை யார், எங்கே, எந்த ஒப்பந்தத்தில் வாங்கலாம் என்று சட்டம் எழுதிய நாளில், அவர்களுக்கு அவையில் ஆள் இல்லை. அடுத்த வருடம் பட்ஜெட் கூட்டத்தொடரும் அப்படியே போயிற்று. இடைத்தேர்தல் நடந்தது 2021 ஏப்ரல் 6, சட்டமன்றத் தேர்தலோடு சேர்த்து. முடிவு வந்தது மே 2. கணக்குப் போட்டால் எட்டு மாதம். அந்தச் சட்டங்களை ஒரு வருடத்துக்கு மேல் டெல்லி எல்லையில் வெயிலிலும் பனியிலும் உட்கார்ந்து போராடித்தான் 2021 நவம்பரில் திரும்பப் பெற வைத்தார்கள்.

கொரோனா காலம், தேர்தலை எப்படி நடத்துவார்கள் என்று கேட்கலாம். பீகார் சட்டமன்றத் தேர்தலை அதே 2020 அக்டோபர், நவம்பரில்தான் நடத்தினார்கள். 243 தொகுதிக்கு முடிந்தது, ஒரு தொகுதிக்கு முடியாது என்பதை ஏற்றுக்கொள்வது கஷ்டமாக இருக்கிறது.

பாலாறு ஓடும் தொகுதியில்

எங்கள் ஓரிக்கை பாலாற்றங்கரையில் இருக்கிறது. எங்களுக்கு மேலே, வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம், வேலூர் வழியாகத்தான் அந்த ஆறு வருகிறது. இந்த ஊர்களெல்லாம் வேலூர் மக்களவைத் தொகுதி. 2019 ஏப்ரல் 18 வாக்குப்பதிவு நடக்க வேண்டியது. கோடிக்கணக்கில் ரொக்கம் பிடிபட்டதால் 16-ஆம் தேதி தேர்தலை ரத்து செய்தார்கள். பணப் பட்டுவாடாவுக்காக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தலே ரத்தானது அதுதான் முதல் முறை என்று அப்போது எல்லாப் பத்திரிகையும் எழுதியது. பிறகு ஆகஸ்ட் 5 அன்று வாக்குப்பதிவு, 9 அன்று எண்ணிக்கை. சட்டப்படி இது இடைத்தேர்தல் என்ற கணக்கில் வராது. ஆனால் தொகுதிக்காரனுக்கு என்ன வித்தியாசம்? இடம் காலி என்றால் காலிதான்.

புதிய மக்களவையின் முதல் கூட்டத்தொடர் அந்த வருடம் ஜூன் 17 தொடங்கி ஆகஸ்ட் 6 முடிந்தது. வேலூர் உறுப்பினர் ஜெயித்து வந்தபோது கூட்டத்தொடரே முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஜூலை 5 பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் செலவில்லா வேளாண்மையைப் பற்றிப் பேசினார். இயற்கை விவசாயம் செய்கிற நாமெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். எவ்வளவு நிதி, யாருக்கு, எந்த வழியில் என்று அவையில் எழுந்து கேட்க வேலூர் பக்கத்து உழவனுக்கு ஆள் இல்லை.

பாலாறு கர்நாடகத்தில் பிறந்து ஆந்திரம் வழியாக வருகிற ஆறு. மேலே தடுப்பணை கட்டுகிறார்கள், இடையில் தோல் பதனிடும் ஆலைக் கழிவு கலக்கிறது. கழிவு விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 1996-இல் ஒரு தீர்ப்புச் சொன்னது, 2025 ஜனவரியில் மறுபடி ஒன்று சொல்லியிருக்கிறது. நடுவில் கிட்டத்தட்ட முப்பது வருடம். இரண்டு மூன்று மாநிலம் சம்பந்தப்பட்ட ஆற்றுக்கு, மாநில அமைச்சரிடம் மனுக் கொடுத்தால் மட்டும் போதாது. டெல்லியில் பேச ஆள் வேண்டும். மேல்மடைத் தொகுதியில் ஆள் இல்லை என்றால் கடைமடையில் இருக்கிற எனக்கும்தான் நஷ்டம்.

புனேயும் வயநாடும்

இது நம் மாநிலத்தோடு நிற்கவில்லை. புனே தொகுதி உறுப்பினர் கிரீஷ் பாபட் 2023 மார்ச் 29 அன்று காலமானார். மக்களவையின் காலம் முடிய ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. இடைத்தேர்தல் வரவில்லை. ஒரு வாக்காளர் வழக்குப் போட்டார். மற்ற தேர்தல் வேலை, 2024 பொதுத்தேர்தல் ஏற்பாடு, ஜெயித்து வருகிறவருக்குச் சில மாதமே மிச்சமிருக்கும் என்றெல்லாம் ஆணையம் காரணம் சொன்னது. பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, உடனே நடத்து என்று டிசம்பரில் உத்தரவு போட்டது. ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது. புனே மக்களுக்கு 2024 ஜூனில்தான் புது உறுப்பினர் வந்தார். பதினான்கு மாதம்!

இன்னொரு வகை, வயநாடு. 2024-இல் ராகுல் காந்தி வயநாடு, ரேபரேலி இரண்டிலும் ஜெயித்து, ஜூனில் வயநாட்டை விட்டுக்கொடுத்தார். ஜூலை 30 அதிகாலை முண்டக்கை, சூரல்மலையில் நிலச்சரிவு. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். காப்பி, ஏலம், மிளகு போட்டிருந்தவர்களும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களும் வீடு வாசல் இழந்து நின்றார்கள். அவர் நேரில் போய்ப் பார்த்தார், அது உண்மை. ஆனால் வயநாட்டின் இடம் அப்போது காலி. இடைத்தேர்தல் நவம்பர் 13, முடிவு 23. ஆறு மாதக் கெடுவுக்குள்தான் நடத்தினார்கள், சட்டத்தில் குறை சொல்ல முடியாது. மண் சரிவதற்குத்தான் சட்டம் தெரியவில்லை.

ஒரே ஆள் இரண்டு தொகுதியில் நிற்பதை எந்தக் கட்சியும் விட்டுவைக்கவில்லை. 2014-இல் நரேந்திர மோடி வாரணாசி, வடோதரா இரண்டிலும் ஜெயித்து வடோதராவை விட்டார், அங்கே இடைத்தேர்தல் வந்தது. முன்பெல்லாம் எத்தனை தொகுதியிலும் நிற்கலாம் என்று இருந்ததை 1996-இல்தான் இரண்டாகக் குறைத்தார்கள். ஒருவருக்கு ஒரு தொகுதிதான், இல்லையென்றால் விட்டுப்போகிறவர் பணம் கட்டட்டும், மக்களவைத் தொகுதிக்குப் பத்து லட்சம் என்று 2004-இலேயே தேர்தல் ஆணையம் யோசனை சொன்னது. சட்ட ஆணையமும் 2015-இல் ஒருவருக்கு ஒரு தொகுதி என்றே பரிந்துரைத்தது. 2023-இல் வழக்கு வந்தபோது, இது நாடாளுமன்றம் முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாடாளுமன்றம் இன்னும் முடிவு செய்யவில்லை.

சாவு யார் கையிலும் இல்லை. அதனால் வருகிற இடைத்தேர்தலுக்கு நாம் வரிப்பணம் கொடுப்பதில் தப்பில்லை. ஒருத்தர் தன் வசதிக்காக இடத்தைக் காலி செய்துவிட்டுப் போனால், அந்தச் செலவை நான் ஏன் ஏற்க வேண்டும்? வங்கியில் கடனை முன்கூட்டி முடிக்கிறவரிடமே சில வகைக் கடனுக்குத் தனிக் கட்டணம் வாங்குவார்கள்.

ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும்?

எங்கள் பக்கத்துத் தெரு நெசவாளர் ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். "சார், ஒரு எம்.பி. இருந்தா மட்டும் அந்த வேளாண் சட்டம் நின்னுடுமா? பெரும்பான்மை அவங்க கையில இருக்கு" என்றார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. நின்றிருக்காது. ஆனால் 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்ததை அவரும் மறந்திருக்க மாட்டார். அந்த மாதிரி நாள் எப்போது வரும் என்று யாரும் முன்னால் சொல்ல முடியாது.

அதைவிட, உறுப்பினர் வேலை ஓட்டுப் போடுவதோடு முடிவதில்லை. எழுத்துமூலம் கேள்வி கேட்டால் அமைச்சகம் பதில் சொல்லியே ஆக வேண்டும், அது அச்சில் நிற்கும். நிலைக்குழுவில் உட்கார்ந்து மசோதாவின் வரி வரியாகக் கேட்கலாம். மாவட்டத்தில் மத்தியத் திட்டங்களை ஆய்வு செய்கிற குழுக் கூட்டத்தில், பயிர்க் காப்பீடு எத்தனை பேருக்கு வந்தது, ஏன் வரவில்லை என்று அதிகாரியை எதிரில் வைத்துக்கொண்டு கேட்கலாம். தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 5 கோடி, அதை எதற்குச் செலவு செய்வது என்று பரிந்துரைக்கிறவரும் அவர்தான். "உங்க கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் 1985-ல டெல்லி போட்டதுதானே? பட்டுக்கு ஜி.எஸ்.டி. எவ்வளவுன்னு முடிவு பண்றதும் அங்கதானே?" என்று அவரிடம் திருப்பிக் கேட்டேன். யோசித்துவிட்டு, "அது சரிதான்" என்றார்.

நமக்கும் அதே மாதிரிதான். 1966 விதைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் கொண்டுவரும் முயற்சி 2004-லிருந்து நடக்கிறது. நாட்டு விதையைப் பரிமாறிக்கொள்ளும் உரிமை அதன் ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. மரபணு மாற்றிய கடுகு விஷயத்தில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்துப் பரந்தூர் விமான நிலையத்துக்கு ஏரியும் வயலும் போகிறது என்று ஏகனாபுரத்து மக்கள் வருடக்கணக்காகப் போராடுகிறார்கள். அதற்கும் மத்திய அரசின் அனுமதி வேண்டும். இதில் எது அவைக்கு வரும் நாளில் யார் தொகுதி காலியாக இருக்கும் என்று தெரியாது.

இடைத்தேர்தலே வேண்டாம் என்கிற வழியும் உலகத்தில் உண்டு. இலங்கையில் நாடாளுமன்ற இடம் காலியானால், பொதுவாக அதே கட்சிப் பட்டியலில் அடுத்து இருப்பவர் வந்துவிடுவார். செலவு இல்லை, தாமதமும் குறைவு. ஆனால் அதில் இடம் கட்சியுடையதாகிவிடுகிறது, மக்களுக்கு மறுபடி ஒரு வார்த்தை சொல்ல வாய்ப்பில்லை. நம் முறையில் அந்த வாய்ப்பு இருக்கிறது. எங்கள் காஞ்சிபுரத்து அண்ணா 1967-இல் தென்சென்னை மக்களவைத் தொகுதியில் ஜெயித்து, முதலமைச்சர் ஆனதால் அதை விட்டார். அந்த இடைத்தேர்தலில்தான் முரசொலி மாறன் நாடாளுமன்றத்துக்குப் போனார். 1967 பொதுத்தேர்தலில் விருதுநகரில் தோற்ற காமராஜரை, 1969 ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தல்தான் மக்களவைக்கு அனுப்பியது. அ.தி.மு.க. தொடங்கி ஏழே மாதத்தில் மாயத்தேவர் இரட்டை இலையில் நின்று ஜெயித்தது 1973 மே 20 திண்டுக்கல் இடைத்தேர்தலில். இந்த மூன்றும் மாநில அரசியலின் போக்கையே காட்டியவை. இவ்வளவு பலம் உள்ள ஒரு கருவியை, கையில் வரும் கவருக்காக விடுவது சரியில்லை.

கவரும் ரோடும்

இடைத்தேர்தல் வந்தால் நல்லது என்று நினைக்கிறவர்களும் நம்மில் உண்டு. "அமைச்சருங்க எல்லாம் தெருத் தெருவா வருவாங்க, ரோடு வரும், குழாயில தண்ணி வரும்" என்பார்கள். வருவது உண்மைதான். ஆனால் ரசாயன உரம் போட்ட பயிர் பத்து நாள் கருகருவென்று நிற்பதைப் பார்த்து ஏமாந்த கதை நமக்குத் தெரியும். வேலூர் மக்கள் கவரால் இழந்தது ஒரு முழுக் கூட்டத்தொடர். ஒரு குடும்பத்துக்கு நாலு ஓட்டு என்று வைத்து, ஓட்டுக்கு இரண்டாயிரம் என்றாலும் எட்டாயிரம். ஒரு ஏக்கர் பயிர்க் காப்பீட்டு இழப்பீடு வராமல் போனால் அதைவிட அதிகம் போய்விடும். வங்கியில் பழகிய கை, கூட்டிக் கழித்துப் பார்த்தால் நஷ்டம் என்றுதான் சொல்கிறது.

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று: ஆறு மாதக் கெடுவைத் தள்ளுவதாக இருந்தால் காரணத்தை எழுதி வெளியிட வேண்டும். ஒரு முறைக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் தள்ளக் கூடாது. இதற்கு 151ஏ பிரிவில் இரண்டு வரி சேர்த்தால் போதும்.

இரண்டு: ஒருவருக்கு ஒரு தொகுதி. சட்டமன்றத்திலிருந்து மக்களவைக்கோ, அங்கிருந்து இங்கேயோ தன் விருப்பத்தில் தாவுகிறவர் இடைத்தேர்தல் செலவில் ஒரு பங்கைக் கட்ட வேண்டும். 2004-இல் சொன்ன பத்து லட்சத்தை இன்றைய விலைவாசிக்கு ஏற்றிக்கொள்ளட்டும்.

மூன்று: இடம் காலியாக இருக்கும் நாட்களில் அந்தத் தொகுதி மக்களின் மனுவை வாங்கி அவையில் வைக்க, பக்கத்துத் தொகுதி உறுப்பினர் ஒருவரைப் பொறுப்பாக அறிவிக்க வேண்டும். ஓட்டுரிமை அவருக்கு ஒன்றுதான், இரண்டாக வேண்டாம். கேள்வி கேட்கும் பொறுப்பு மட்டும் கைமாறட்டும்.

நான்கு, நம் வேலை. இடம் காலியான மறு வாரமே அந்தத் தொகுதி உழவர் குழுக்கள் கூடி, விதை, தண்ணீர், நிலம், காப்பீடு என்று நான்கு கோரிக்கையை ஒரே தாளில் எழுதி, நிற்கிற எல்லா வேட்பாளரிடமும் கையெழுத்துக் கேட்க வேண்டும். பொதுத்தேர்தலில் நாற்பது தொகுதி இரைச்சலில் நம் குரல் கேட்காது. இடைத்தேர்தலில் எல்லாக் கட்சித் தலைவரும் ஒரே ஊரில் இருப்பார்கள், எல்லா கேமராவும் அங்கேதான் இருக்கும்.

முதல் மூன்றையும் கிராம சபையில் தீர்மானமாகவே போடலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாள் இருக்கிறது. எங்கள் ஓரிக்கை மாநகராட்சிக்குள் போய்விட்டதால் எங்களுக்குக் கிராம சபை இல்லை. அதனால் நாங்கள் சில உழவர்களும் நெசவாளர்களும் சேர்ந்து இதை மனுவாக எழுதி, எங்கள் மக்களவை உறுப்பினரிடமே கொடுக்கப் போகிறோம். அவர் இடம் இப்போது காலியாக இல்லை. கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். உங்கள் ஊர்த் தீர்மானத்தின் நகலை இதழுக்கும் ஒன்று அனுப்புங்கள்.